குதிர் 1.16.5

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் 1/70, 2/70 என்று பலகை வைத்திருப்பார்கள். அக்காவும் நானும் சேந்தமங்கலத்தில் வளர்ந்தவர்கள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்த எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போவோம். நாற்பதைத் தாண்டும்போது இரண்டு பேரில் ஒருவருக்கு நிச்சயம் வாந்தி வந்துவிடும். அப்புறம் எண்ணுவது நின்றுபோகும்.

இப்போது அக்கா அந்த மலையிலேயே பள்ளி ஆசிரியை. செம்மேட்டில் வீடு. நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. இந்த வருடம் ஆயுதபூஜை விடுமுறைக்காக செப்டம்பர் 30ஆம் தேதி ராத்திரி மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல மழை, வாசலில் மூடுபனி. அக்கா மகனுக்குப் பதிமூன்று வயது, எட்டாவது படிக்கிறான். பையைக் கீழே வைப்பதற்குள் லேப்டாப்போடு வந்து நின்றான்.

"மாமா, நீங்க சாஃப்ட்வேர்லதான இருக்கீங்க?"

"ஆமா மாப்ள."

"அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. நாமக்கல்ல என் ஃப்ரெண்டு ஒருத்தன் சும்மா வெனிலா மைன்கிராஃப்ட் ஆடுறான். அவனுக்கு ஜூன்லயே ஹாப்பி காஸ்ட் வந்துருச்சு. இன்னைக்குக் காப்பர் கோலமும் வந்துருச்சாம். நான் 240 மாட் போட்டு ஆடுறேன், எனக்கு ஒண்ணுமே வரல. என் பேக் இன்னும் 1.20.1லயே நிக்குது. அது 2023ல வந்த வெர்ஷன் மாமா. ஏன்?"

"முதல்ல அவனைச் சாப்பிட விடுடா," என்றாள் அக்கா. சாமைச் சோறும் ரசமும் இருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். விடுகிற ஆள் இல்லை.

*

மைன்கிராஃப்ட் ஆடாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அது கட்டங்களால் ஆன உலகம். மண்ணைத் தோண்டலாம், மரம் வெட்டலாம், வீடு கட்டலாம். ஸ்வீடனில் உள்ள மொஜாங் நிறுவனம் உருவாக்கியது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அதை 250 கோடி டாலருக்கு வாங்கியது. கணினியில் ஆடும் ஜாவா பதிப்பில், விளையாடுகிறவர்களே புதுப்புது விஷயங்களை எழுதிச் சேர்க்கலாம். ஒருவர் ரயில் வைப்பார், ஒருவர் சமையல் வைப்பார், ஒருவர் அணு உலையே வைப்பார். இந்த ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு மாட். நூறு, இருநூறு மாட்களைப் பொறுக்கியெடுத்து, ஒன்றோடொன்று சண்டை போடாதபடி பொருத்தி, ஒரே கட்டாகக் கொடுப்பதுதான் மாட்பேக்.

மருமகன் கேட்டது நியாயமான கேள்வி. நிறுவனம் புதிய பதிப்பை வெளியிடுகிறது. அந்தப் பதிப்பில் மாட்பேக் வர சில சமயம் ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகிறது. பல பேக்குகள் வருவதே இல்லை. "சோம்பேறிங்களா மாமா அவங்க?" என்று கேட்டான். அந்த வார்த்தை என்னைக் கொஞ்சம் குத்தியது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் ஆயுதபூஜை. லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சாத்திவிட்டாள் அக்கா. வேறு வேலையில்லாததால் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

முதல் விஷயம், மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் மாட் எழுதுவதற்கென்று நிறுவனம் திறந்துவைத்த முறையான வாசல் கிடையாது. 2012இல் புக்கிட் என்ற சர்வர் மென்பொருளை உருவாக்கியவர்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, அப்படியொரு வாசலைக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். அது கடைசிவரை வரவில்லை. எனவே மாட் எழுதுகிறவர்கள் வாசல் வழியாகப் போவதில்லை, சுவரில் ஓட்டை போட்டுத்தான் போகிறார்கள். விளையாட்டின் ஒரு குறிப்பிட்ட ஃபங்க்ஷனின் நடுவில் போய், "இந்த வரி முடிந்ததும் என் வேலையைச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போ" என்று செருகிவிடுவார்கள். அடுத்த பதிப்பில் நிறுவனத்து எஞ்சினியர் ஒருவர் அந்த ஃபங்க்ஷனை இரண்டாகப் பிரித்துவிட்டால் ஆட்டத்தில் எதுவும் மாறியது போலத் தெரியாது. ஆனால் மாட் தேடிப் போன சுவர் அங்கே இருக்காது. விளையாட்டு திறக்கும்போதே விழுந்துவிடும்.

இரண்டாவது, அந்தச் சுவர்களுக்குப் பெயரும் கிடையாது. நிறுவனம் தன் நிரலை வெளியிடும்போது உள்ளே இருக்கும் பெயர்களையெல்லாம் அழித்து ஏ, பி, ஏஏபி என்று அர்த்தமில்லாத எழுத்துகளாக்கித்தான் கொடுத்துவந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் இந்த எழுத்துகள் மாறும். போன தடவை 'ஏஏபி' என்பது ஆடு என்றால், இந்தத் தடவை அதே 'ஏஏபி' கதவாக இருக்கலாம். எது ஆடு, எது கதவு என்று உட்கார்ந்து கண்டுபிடித்து அகராதி தயாரிப்பதையே பல வருடம் ஒரு கூட்டம் சம்பளமில்லாமல் செய்தது. 2019இல்தான் நிறுவனம் தானாகவே அந்த அகராதியை வெளியிட ஆரம்பித்தது.

மூன்றாவது, வரிசை. அகராதி வந்த பிறகு ஃபோர்ஜ், ஃபேப்ரிக், நியோஃபோர்ஜ் போன்ற லோடர்கள் புதிய பதிப்புக்கு வர வேண்டும். 2023இல் ஃபோர்ஜிலிருந்து பிரிந்து உருவானதுதான் நியோஃபோர்ஜ். அதனால் மாட் எழுதுகிறவர்கள் எந்தப் பக்கம் போவது என்று வேறு முடிவெடுக்க வேண்டியிருந்தது. லோடர் வந்த பிறகு பொது நூலகங்கள் வர வேண்டும். பல மாட்களுக்கு அடித்தளமே அவைதான். அதற்குப் பிறகு பெரிய மாட்கள், அப்புறம் அந்தப் பெரிய மாட்களின் மேல் நிற்கும் குட்டி மாட்கள். கடைசியில்தான் பேக் கட்டுகிறவரின் முறை வரும்.

"க்ரியேட் இல்லாம உன் பேக்க நெனச்சுப் பாப்பியா?"

"சேச்சே. என் ஃபேக்டரி மொத்தமும் க்ரியேட்தான்."

"1.21 வந்தது 2024 ஜூன்ல. க்ரியேட் அதுக்கு வந்தது 2025 ஆரம்பத்துல."

அவன் விரல் விட்டு எண்ணினான். "எட்டு மாசம்!"

"அது வந்த பிறகுதான் அதும்மேல நிக்கிறவங்க வேலையையே ஆரம்பிக்க முடியும்."

இந்த மலைக்காரனுக்கு இதைப் புரியவைக்க எளிய வழி ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் 32ஆவது வளைவில் மண் சரிந்தால், மீதி 69 வளைவும் நன்றாக இருந்து என்ன பயன்? பஸ் வராது.

"ஃபோன்ல கால்குலேட்டர எடு. ஒரு மாட் புது வெர்ஷனுக்கு வர்றதுக்கு 99 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு வச்சுக்க. அப்ப 200 மாட்டும் சேந்து வர்றதுக்கு என்ன வாய்ப்பு? 0.99ஐ 200 தடவை பெருக்கு."

பொறுமையாக அழுத்திக்கொண்டே இருந்தான். நடுவில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பித்தான். கடைசியில் திரையில் 0.13 என்று வந்து நின்றது. "13 சதவீதம்தானா?"

"95ன்னு வச்சுப் போட்டா, கிட்டத்தட்ட 28,000ல ஒண்ணு."

உண்மையில் ஒன்றின் வருகை இன்னொன்றோடு பிணைந்திருப்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. பேக் கட்டுகிறவர்களும் 200ம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. வராததை எடுத்துவிட்டு அதைப்போல வேறொன்றைப் போடுவார்கள். போட்டால், அந்த மாட்டின் பொருட்களை வைத்து எழுதிய ரெசிபிகளும், ஆட்டக்காரர் செய்ய வேண்டிய பணிகளின் பட்டியலும், உலோகம் எந்த ஆழத்தில் எவ்வளவு கிடைக்கும் என்ற சமநிலையும் மாறும். எல்லாவற்றையும் திரும்ப ஆடிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பழைய உலகத்தைப் புதிய பேக்கில் திறந்தால், எடுத்துவிட்ட மாட்டின் கட்டங்கள் இருந்த இடமெல்லாம் வெற்றுக் குழியாக இருக்கும். ஆறு மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் ஒரு சுவர் மட்டும் காணாமல்போயிருக்கும்.

*

அதனால்தான் மாட் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓடுவதில்லை. சில பதிப்புகளில் கூட்டமாகத் தங்கிவிடுவார்கள். 1.7.10, 1.12.2, 1.16.5, 1.20.1. இவை ஏதோ வீரர்களின் ஜெர்சி எண்கள் மாதிரி இந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுப்பதில்லை. ஊரில் சந்தை கூடும் இடம் மாதிரிதான். நாலு பேர் கடை போட்ட இடத்தில் ஐந்தாவது ஆளும் போடுவார்.

இந்தத் தங்கல்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெரிய உடைப்பு இருக்கும். 2018இல் வந்த 1.13இல், கட்டங்களுக்கு இருந்த எண் முறையை மொத்தமாக ஒழித்தார்கள். அதுவரை சிவப்புக் கம்பளி என்றால் 35:14. அதற்குப் பிறகு எண் போய், பெயர் மட்டும் நின்றது. நல்ல மாற்றம்தான், எந்த எஞ்சினியரைக் கேட்டாலும் ஆமாம் என்பார். ஆனால் எண்ணை நம்பி எழுதிய அத்தனை மாட்களையும் கிட்டத்தட்ட திரும்ப எழுத வேண்டியிருந்தது. நிறைய பேர் 1.12.2இலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 2024இல் வந்த 1.20.5இலும் இப்படியொரு உடைப்பு. ஒரு பொருளின் விவரங்களைச் சேமிக்கும் முறையே மாறியது. மருமகனின் பேக் 1.20.1இல் நிற்பது தற்செயல் இல்லை. அது அந்த உடைப்புக்கு முந்தைய கடைசி நிழல்மரங்களில் ஒன்று.

போதாததற்கு, வருடத்துக்கு ஒரு பெரிய அப்டேட் என்றிருந்ததை 2024 செப்டம்பரில் மாற்றிக்கொண்டார்கள். இனி வருடத்துக்குச் சில சிறு அப்டேட்கள். 2025இல் மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று, நான் மலையேறிய அதே நாளில் ஒன்று. ஆடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். மாட் எழுதுகிறவர்களுக்கு, ஒரு வளைவில் ஸ்டியரிங்கை நேராக்குவதற்குள் அடுத்த வளைவு.

பழையதில் தங்குவது எப்போதும் தோல்வி இல்லை என்பதையும் அவனிடம் சொன்னேன். கிரெக்டெக் நியூ ஹொரைசன்ஸ் என்று ஒரு பேக் இருக்கிறது. அது நிற்பது 1.7.10இல், அதாவது 2014இல் வந்த பதிப்பில். மருமகன் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. அந்தப் பேக்கை ஒரு குழு இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. பதிப்பு பழையது, வேலை புதியது. அடியில் நிலம் நகராததால்தான் மேலே அவ்வளவு உயரத்துக்குக் கட்ட முடிந்திருக்கிறது.

"அப்ப பழசுலயே இருக்கறது நல்லதா மாமா, கெட்டதா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

*

அப்பா சேந்தமங்கலத்தில் டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் திருவிழா நோட்டீஸ். பேஜ்மேக்கரும் கோரல் டிராவும்தான் அவர் உலகம். நான் எஞ்சினியரிங் முடித்து 2012இல் வேலைக்குப் போனதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் வந்து அவரைத் திட்டுவேன். "எக்ஸ்பி எல்லாம் மைக்ரோசாஃப்ட்டே கைவிட்ருச்சுப்பா. பேஜ்மேக்கர் செத்துப்போய் எத்தனை வருஷம் ஆச்சு! யூனிகோடுக்கு மாறுங்க."

அவர் தலை நிமிராமல் சொல்வார்: "மாறலாம் தம்பி. எல்லாம் ஒண்ணா மாறட்டும், நானும் மாறிக்கிறேன்."

அதைச் சாக்குப்போக்கு என்று நினைத்தேன். இன்று யோசித்தால், அது அவ்வளவு துல்லியமான தொழில்நுட்ப பதில்.

அவரிடம் இருந்த தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தைய வகை. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்த எழுத்துருக்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருக்கை வரிசை வேறு. யூனிகோடில் தமிழ் 1991லேயே இருந்தது. தமிழ்நாடு அரசு அதைத் தன் தரமாக ஆணையிட்டது 2010இல். பத்தொன்பது வருடம். யாரோ சோம்பேறியாக இருந்ததால் ஆன பத்தொன்பது வருடம் இல்லை அது. அப்பாவின் பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழை எழுத்தாகக் காட்டவே தெரியாது. எழுத்துருவை மாற்ற வேண்டுமென்றால் பேஜ்மேக்கரை மாற்ற வேண்டும். பேஜ்மேக்கரை மாற்ற விண்டோஸை மாற்ற வேண்டும். விண்டோஸை மாற்ற கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும். மாற்றினால் அந்தத் தமிழ் மென்பொருளின் ஹார்ட்வேர் லாக்கைச் செருகப் புதிய கம்ப்யூட்டரில் பாரலல் போர்ட் இருக்காது. பழைய பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காது. பத்து வருடமாகச் சேர்த்த அழைப்பிதழ் மாதிரிகள் ஒன்றும் திறக்காது.

அப்புறம் அவர் விரல்கள். பழைய முறையில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் முதலில் மெய், பிறகுதான் உயிர்க்குறி. முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரம் ராத்திரி இரண்டு மணிவரை பார்க்காமலே அடித்த விரல்களிடம் போய் வரிசையை மாற்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

அப்பாவின் கடை ஒரு மாட்பேக். அதில் 200 பொருட்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. நான் ஒன்றை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

*

'சோம்பேறிங்களா' என்று மருமகன் கேட்டபோது ஏன் குத்தியது என்று சொல்ல வேண்டும். நானும் ஒரு மாட் எழுதியிருக்கிறேன்.

2018இல், 1.12.2க்காக எழுதியது. பெயர் 'குதிர்'. அப்பாவின் அம்மா வீட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்குதிர் இருந்ததாம். மேலே கொட்டி, கீழே துவாரத்தில் அடைப்பை எடுத்தால் தானியம் வழியும். அவர் சொன்னதை வைத்து ஒரு கட்டம் செய்தேன். தானியத்தைக் காயவைக்காமல் கொட்டினால் பூச்சி பிடிக்கும், மழை நாளில் திறந்துவைத்தால் முளைவிட்டுவிடும். அவ்வளவுதான் மாட்.

படம் வரைய எனக்கு வராது. அப்பாவிடம் கேட்டேன். மைன்கிராஃப்டில் ஒரு கட்டத்தின் முகம் 16க்கு 16 சதுரம், மொத்தம் 256. கோரல் டிராவில் 256 சதுரம் போட்டு, மண் நிறம், வைக்கோல் நிறம், விரலால் பூசிய தடம், அடியில் துவாரத்தின் கறுப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்து கொடுத்தார். "இவ்வளவு சின்னதா யாருடா பாப்பாங்க?" என்றார். சில ஆயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று சொன்னபோது நம்பவே இல்லை.

1.13இன் உடைப்பைத் தாண்டி அதை மறுபடி எழுதி, 2021 தொடக்கத்தில் 1.16.5 வரை கொண்டுவந்தேன். அந்த மே மாதம் அப்பா போய்விட்டார். 2021 மே மாதம் எப்படி இருந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவரை நாங்கள் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கோப்புறையை நான் திறக்கவில்லை. திறந்தால் முதலில் வருவது அந்த 256 சதுரம்தான்.

வெளிநாட்டு மாணவர் ஒருவர் எனக்கு இரண்டு தடவை எழுதினார். விவசாயத்தை மையமாக வைத்து ஒரு சின்னப் பேக் கட்டியிருந்தார். அதில் குதிர் முக்கியமான இடத்தில் இருந்தது. முதல் கடிதம் 1.18 வந்த சமயத்தில்: எப்போது கொண்டுவருவீர்கள்? இரண்டாவது 2023இல்: உங்களுக்கு நேரம் இல்லையென்றால் நானே மாற்றிக்கொள்கிறேன், அனுமதி மட்டும் கொடுங்கள். நான் பதிவேற்றியபோது உரிமம் என்ற இடத்தில் யோசிக்காமல் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்பதை அப்படியே விட்டிருந்தேன். நான் அனுமதிக்காமல் அவர் ஒரு வரியைத் தொட முடியாது. இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை. அவர் பேக் 1.16.5இலேயே நின்றுவிட்டது.

எத்தனையோ பேக்குகள் நிற்பதற்குக் காரணம் நிரல் மட்டும் இல்லை. எங்கோ யாருக்கோ வேலை மாறியிருக்கும், குழந்தை பிறந்திருக்கும், வீட்டில் யாராவது இறந்திருப்பார்கள். சம்பளம் இல்லாத வேலையில் விடுப்புக் கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போகும் பழக்கம் யாருக்கும் இல்லை.

*

அக்டோபர் 2. மழை விட்டிருந்தது. அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், மலையிலேயே பிறந்தவர். களத்தில் சாமையைப் பரப்பிக்கொண்டிருந்தார். இந்த மலையில் சாமையிலேயே பெருஞ்சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, திருகுலாச் சாமை என்று ரகங்கள் உண்டு. பிறகு மரவள்ளி வந்து பெருவாரியான காட்டை எடுத்துக்கொண்டது. ஏன் பாட்டி விட்டீங்க என்று கேட்டேன்.

"மரவள்ளின்னா லாரி வந்து ஏத்திக்கும் சாமி. சாமைய யாரு குத்துறது? கை வலிக்குது."

உமியை நீக்க உரலில் குத்த வேண்டும். அது முழுக்கப் பெண்களின் வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே சிறுதானியங்களுக்காக வேலை செய்கிறது. விதைகளைச் சேர்த்துவைத்தால் மட்டும் போதாது என்று, அரைவை இயந்திரம், மகளிர் குழு, விற்பனை எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவர வேண்டியிருந்தது. விதை தனியாகத் திரும்பி வரவில்லை, தன் பேக்கோடுதான் வந்தது.

மத்தியானம் மருமகன் பரண்மேல் ஏறினான். அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைக் கடை காலி செய்தபோது அக்கா சாக்கில் சுற்றி இங்கே கொண்டுவந்துவிட்டாள். "மாமா, ஆன் பண்ணிப் பாக்கலாமா?"

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அக்கா, "பண்ணேன்டா, ஆயுதபூஜைக்கு அதுக்கும்தான பொட்டு வைக்கணும்," என்றாள்.

தூசி தட்டி, அந்தக் கனமான மானிட்டரை இணைத்துப் போட்டோம். நீளமாக ஒரு பீப். பேட்டரி செத்துப்போனதால் தேதி 2002 ஜனவரி 1 என்று காட்டியது. எக்ஸ்பி வந்தது. பேஜ்மேக்கர் திறந்தது. லாக் பின்னால் அப்படியே இருந்தது. 'கல்யாணம் 2011' என்ற கோப்புறையில் அக்காவின் பத்திரிகை. குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம், அப்பா பெயருக்குக் கீழே 'மற்றும் சுற்றத்தார்'. எல்லா எழுத்தும் அதனதன் இடத்தில். அக்கா ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கோப்புகள் சிலவற்றைப் பென்டிரைவில் ஏற்றி என் லேப்டாப்பில் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டியது. மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, செய்துவிடலாம். ஆனால் அந்த நிமிடத்தில், அப்பாவின் தமிழ் தமிழாக இருந்த ஒரே இடம் செம்மேட்டில் சாக்குப் பையிலிருந்து எடுத்த அந்தப் பெட்டிதான்.

அதிலேயே இருந்தது 'குதிர்' என்ற கோரல் டிரா கோப்பும். திறந்தேன். 256 சதுரம், திரை நிறைய. மருமகன் கிட்டே போய்ப் பார்த்தான்.

"இது டெக்ஸ்சர்தான மாமா? 16க்கு 16? தாத்தா மைன்கிராஃப்ட் ஆடுவாரா?"

முழுக் கதையையும் அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அந்த மாணவரின் கடிதங்களையும் சேர்த்து. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அவன் கேட்டானே, குடுத்திருக்கலாமே மாமா?"

*

அன்று ராத்திரி ஃபோன் ஹாட்ஸ்பாட்டில், சிக்னல் கிடைக்கும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இரண்டு வேலை செய்தேன். குதிரின் உரிமத்தை எம்ஐடி உரிமமாக மாற்றினேன். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். படம் வரைந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரைச் சேர்த்தேன். இத்தனை வருடம் அது இல்லாமலே இருந்திருக்கிறது. பிறகு அந்த மாணவருக்கு இரண்டு வருடம் தாமதமான பதில். மன்னிப்பு கேட்டு, நான்கு வரி. இன்னும் பதில் வரவில்லை. அவர் இப்போது வேலைக்குப் போயிருக்கலாம். மைன்கிராஃப்டே ஆடாமல் இருக்கலாம்.

அக்டோபர் 29ஆம் தேதி மொஜாங் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அடுத்து வரவிருந்த 'மவுன்ட்ஸ் ஆஃப் மேஹெம்' அப்டேட்டுக்குப் பிறகான ஜாவா பதிப்புகளில் பெயர்களை இனி மறைக்கப்போவதில்லை என்று. செய்தி பார்த்ததும் மருமகன் போன் செய்துவிட்டான்.

"மாமா, இனிமே பேக் எல்லாம் சீக்கிரம் வந்துருமா?"

"கொஞ்சம் சுலபமாகும். சுவருக்கெல்லாம் பேர் எழுதி வச்சிருப்பாங்க. ஆனா சுவர மாத்திக் கட்டுனா யாராச்சும் போய்த் திரும்ப ஓட்டை போட்டுத்தான ஆகணும்?"

"ம்." கொஞ்ச நேரம் யோசித்தான். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. நான் வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, எனக்குப் பழக்கமான அந்தத் தொனியில் கேட்டான்:

"சரி, குதிர் 1.20.1க்கு எப்ப மாமா வரும்?"

அதைக் கேட்ட இரண்டாவது ஆள் அவன். இந்தத் தடவை பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நம்பர் வைத்திருக்கிறான், தினமும் கேட்பான். பாதி மாற்றியிருக்கிறேன். நேற்று ராத்திரிவரை திறக்கும்போதே விழுந்துகொண்டிருக்கிறது.